கன்னியப்பனுக்குத் தெரியாத சிவப்பு

ஆம்பூர் தோல் மண்டியில் பதினான்கு வருஷம், உப்புப் போட்டு வரும் பச்சைத்தோலில் நல்லது கெட்டது பிரித்தவர் கன்னியப்பன். வெயில் காலத்தில் உப்புத்தோலில் சிவப்புத் திட்டு விழும். விழுந்தால் அழுகல் ஆரம்பம், ஒதுக்கிவிட வேண்டும். அந்தச் சிவப்புதான் அவர் கண்ணுக்குத் தெரியாது. கெட்ட தோல் வழுக்கும், நாற்றமும் வேறாக இருக்கும். விரலையும் மூக்கையும் வைத்தே சமாளித்தார். பேச்சுவாக்கில் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்து யாரோடும் ஒட்டாமல், சோற்றைக்கூடத் தனியாகவே தின்றார். மற்றவர்கள் அதைத் திமிர் என்றார்கள். என்னைக் கேட்டால், அவரைவிடப் பாவப்பட்ட ஆள் அந்த மண்டியில் கிடையாது.

1926 கோடையில் அவருக்குக் கடும் ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. விரல் மட்டும் போதவில்லை. அன்று அவர் நல்லதென்று விட்ட நாற்பது தோல், மயிர் கழற்றப் போடும் சுண்ணாம்புத் தொட்டியில் கந்தலாகிப் போனது. கெட்ட தோலைத் தள்ளிவிட வியாபாரியிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டார் என்று மேஸ்திரி மஹபூப் பாஷா சந்தேகப்பட்டார். வேறு வழியில்லாமல் கன்னியப்பன் உண்மையைச் சொன்னார். பொய் சொல்லியிருந்தாலாவது நம்பியிருப்பார்கள். ஆளுக்கொரு துண்டைத் தூக்கிக் காட்டி, இது இன்னா கலர் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

கடைசியில் முதலாளி வேலூரில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் கலர் கலராகக் கம்பளி நூலைப் பரப்பி, ஒரே நிறமானதைச் சேர்க்கச் சொன்னார். கன்னியப்பன் சிவப்போடு பழுப்பையும் கரும்பச்சையையும் சேர்த்துவைத்தார். சிலருக்குச் சிவப்பு பிடிபடாது, சிலருக்குப் பச்சை. நீலமும் மஞ்சளும் குழம்புகிறவர்கள் அபூர்வம், எந்த நிறமுமே தெரியாதவர்களும் அபூர்வம் என்றார் டாக்டர். இவருக்குச் சிவப்பு. இதற்கு மருந்து கிடையாது. தாய்வழியில் வருவது, ஆண்களுக்கே அதிகம். சொந்தத்தில் கட்டியிருந்தால் பெண் குழந்தைக்கும் வரலாம் என்றார். கன்னியப்பன் கட்டியிருந்தது தாய்மாமன் மகள் பூவம்மாளை.

காசு வாங்கிய பழி போயிற்று. பிரிக்கும் வேலையும் போயிற்று. உப்புக் கிடங்கில் அவரைத் தனி ஆளாகப் போட்டார்கள். பேச்சுத்துணைக்குக்கூட அங்கே யாரும் வருவதில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள், ஒன்பது வயது மகள் செண்பகத்தைப் பூவம்மாள் அடித்துக்கொண்டிருந்தாள். மிளகாய்ப் பழம் பறிக்கச் சொன்னால், பச்சைக் காயையும் சேர்த்துப் பறித்து வந்துவிட்டாளாம். கன்னியப்பன் தடுத்து, மகளைத் தனியாகக் கூட்டிப்போய் விசாரித்தார்.

"எல்லாம் ஒரே மாரிதான் தெரியுதுப்பா. அம்மாகிட்ட சொல்லிடாத" என்றாள்.

தன்னைப்போலப் பார்க்கிற ஓர் உயிராவது இருக்காதா என்று எத்தனையோ நாள் ஏங்கியவர் அவர். இப்போது கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்பது வயதிலேயே அவளும் மறைக்கப் பழகியிருந்தாள். அதைத் தாங்க முடியாமல் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்.