சித்தி வாசலில் காய்ந்த நெத்திலி

கோவளத்தில் எங்கள் வீட்டு வேலியை ஒட்டியே மகாபலிபுரம் போகும் ரோடு. வெயில் காலத்தில் தார் நன்றாகச் சுடும் என்பதால், எல்லோரும் ரோட்டோரத்தில்தான் நெத்திலியைப் பரப்பிக் காயவைப்பார்கள். பஸ்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள்.

ஒருநாள் காலையில் போலீஸ் வந்தது. சிற்பம் பார்க்கப் பெரிய மனிதர் ஒருவர் போகிறாராம், ரோட்டில் ஒரு மீன்கூட இருக்கக் கூடாதாம். என் சித்தி உடனே கூடையோடு ரோட்டுக்கு ஓடினாள். பரப்பிய நெத்திலி முழுவதையும் வாரி, வேலிக்கு உள்ளே எங்கள் வாசல் மணலில் பழைய வலையை விரித்துக் கொட்டினாள். சித்தப்பா கடலோடு போய்விட்ட பிறகு, மழை மாதங்களில் எங்களுக்குச் சோறு போடுவது திருப்போரூர் சந்தையில் விற்கும் அந்தக் கருவாடுதான். ஈரமாகக் குவித்து வைத்தால் சாயங்காலத்துக்குள் புழு வைத்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கே வந்தார். பூட்ஸ் காலோடு வலையின் மேல் நின்றார்.

"இத்தையும் வாரி உள்ள போட்டு கதவ சாத்து. நாத்தம் ரோடு வரைக்கும் அடிக்குது."

பக்கத்து வீடுகளில் அதற்குள் கதவுகளைச் சாத்திவிட்டார்கள். சித்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ரோட்டுல போட்டது தப்பு, எடுத்துட்டேன். இது என் வூட்டு வாசல் சார். இங்க இன்னா காயணும்னு நான்தான் சொல்லணும்."

"வர்றவரு மூக்கப் பொத்திக்கினு போவணுமா?"

"கார் கண்ணாடிய ஏத்திக்கினு போவட்டும்."

ஜீப்பில் ஏற்றிவிடுவேன் என்று அவர் கத்தினார். நான் சித்தியின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டில் காட்டிய பயத்தை இங்கேயும் காட்டினால் என்ன என்று எனக்கு அவள் மேல்தான் கோபம்.

சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வந்தார். படல் திறந்துதான் இருந்தது. ஆனால் அவர் வெளியிலேயே நின்று, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார். சித்தி இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்துவிட்டு, "வாங்க சார்" என்றாள். மீனை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்து, ரோட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். இல்லை என்றதும் கான்ஸ்டபிளிடம், "நம்ம வேல ரோட்டோட சரிய்யா, வா" என்று சொல்லி அழைத்துப் போனார்.

மத்தியானம் கார்கள் வரிசையாகப் போயின. யார் வந்தார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. நெத்திலி வாசலிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

கான்ஸ்டபிள் கத்தியபோது கண் கலங்காத சித்தி, நெத்திலியின் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், "உள்ள வரலாமாம்மான்னு கேட்டாரு" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். பூட்ஸ் பட்டு மண் ஒட்டியதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் ஒவ்வொரு மீனாக எடுத்து ஊதிக்கொண்டிருந்தேன்.