ஈயம் போன ஊரில் வீடு வாங்கினோம்

ஈயத்தின் விலை விழுந்த வருஷம், ஈயம் தோண்டி வளர்ந்த ஈப்போ ஊர் செத்துவிட்டது என்று சொல்லாத ஆம்பளை இல்லை. சொன்னவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வீட்டு அரிசி எப்போது தீரும் என்றே தெரியாது. ஊர் எப்போது தீரும் என்று மட்டும் தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரரும் அவர்களோடு உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்து போனான். என் வீட்டுக்காரர் அங்கே டிராக்டர் ஓட்டினார். புதுத் துரை வருவார், வேறு லயம் கட்டிக் கொடுப்பார் என்று காத்திருந்தார். பிறந்ததும் தோட்டத்து வீட்டில், கல்யாணம் செய்ததும் தோட்டத்து வீட்டில். வீடு என்பது மண்வெட்டி மாதிரி, வேலையோடு சேர்த்துக் கொடுக்கிற சாமான் என்றுதான் அவருக்குப் பழக்கம். அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் கணக்கெழுதுகிற கிராணியிடம் கேட்க வேண்டும். கேட்காமல் சாமி படம் மாட்டியதற்கு ஒரு தடவை காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டில், எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, கிராணி அவரைத் திட்டினார். அதற்குப் பிறகு எங்கள் சாமிகள் மரப்பெட்டி மேல் சுவரில் சாய்ந்தே நின்றன.

நான் ஈப்போவில் ஒரு தையல் ஃபேக்டரியில் வேலை செய்தேன். முன்பெல்லாம் ஃபேக்டரி பஸ் பாதி காலியாக வரும். அந்த வருஷம் நிற்க இடமில்லை. எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள். பாகான் டத்தோ, ஆயர் தாவார் என்று எங்கிருந்தோ வந்து, ஒரே அறையில் ஐந்தாறு பேராகப் படுத்தார்கள். இவர்களுக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும். அப்போது எங்கே போவார்கள்? இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தஞ்சோங் ரம்புத்தான் போகிற சாலையில் புதிதாகக் கட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டைப் பார்த்து வைத்தேன். முன்பணத்துக்கு நான் போட்ட கூட்டுச் சீட்டுப் பணம் இருந்தது. ஆனால் மலிவு வீட்டுக்குக் குடும்பத் தலைவர்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். திங்கட்கிழமை வராவிட்டால் வீடு வேறு ஆளுக்கு என்று விற்கிற ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறு காலையில் அவர் டவுனில் ரொட்டிக் கடையில் இருப்பார். பெண்கள் அங்கே சாப்பிட வந்தால் பின்னால் பச்சைத் திரை போட்ட மூலைக்குப் போக வேண்டும். அது கடைக்காரர் போட்ட சட்டம்கூட இல்லை. எங்கள் ஆம்பளைகள் பார்த்த பார்வைதான் சட்டம். அன்றைக்கு நான் திரைப் பக்கமே போகவில்லை. அவர் மேசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன, வீட்டுல ஏதாச்சுமா?" என்றார்.

"வீடுதான் விஷயம். எனக்கு ஒரு ரொட்டி சொல்லுங்க, பசிக்குது."

அவரோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் லாரி ஓட்டுகிறவர். இன்னொருவர் ஈயம் தோண்டுகிற லம்பத்தில் வேலை போனவர். எந்த இடத்தில் வீடு என்று லாரிக்காரர் கேட்டார். சொன்னேன்.

"தஞ்சோங் ரம்புத்தான் பக்கமா? பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கிட்டக்கதான். மச்சானுக்கு வசதி லா."

"ஆமாண்ணே. உங்கள வந்து பாக்குறதுக்கும் வசதியா இருக்கும்."

லம்பத்துக்காரர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, நான் சொல்றதக் கேளு. ஈயம் போச்சு. கடை கடையா மூடுறான். இந்த ஊருல வீட்ட வாங்கி நாளைக்கு யாருக்கு விப்பே?"

"விக்கிறதுக்கு வாங்கலண்ணே. படுக்கிறதுக்கு வாங்குறேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு ஊர் செத்தது உண்மைதான். ஆனால் நாங்கள் பேசப் பேச, பக்கத்துச் சுவரை யாரோ இடித்துக்கொண்டிருந்தார்கள். காது அடைத்தது. கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணே, செவுத்த இடிக்கிறீங்க?"

"பக்கத்துக் கடையும் எடுத்துட்டேன் தங்கச்சி. ஏர்கோன் போடப் போறேன்."

"ஊரு செத்துப்போச்சாமே?"

அவர் மேசையைப் பார்த்தார். "யாரு, இவங்க சொன்னாங்களா? ஒரு தே தாரிக் டீய வாங்கிக்கிட்டு மத்தியானம் வரைக்கும் உக்காருற ஆளுங்க. இவங்கள நம்பியா நான் கடை நடத்துறேன்? சம்பளம் வாங்குற புள்ளைங்க வருது, குடும்பமா வாராங்க, எடம் இல்லாமத் திரும்பிப் போறாங்க."

"அந்தத் திரை?"

"கழட்டிர வேண்டியதுதான். அந்த மூலை பத்தல."

என் வீட்டுக்காரர் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். "தொரை ஒரு வார்த்த சொல்லட்டும்னு பாக்குறேன்" என்றார்.

"எந்தத் தொரை? வித்துட்டுப் போனவரா, வாங்குனவரா? வாங்குனவருக்கு உங்க பேரு தெரியுமா? நாளைக்குக் காலையில ஆபீஸ் வாசல்ல நிப்பேன். நீங்க வந்தா நமக்கு வீடு. வரலைன்னா ஃபேக்டரிப் புள்ளைங்களோட போய்ப் படுத்துக்கிறேன். நீங்க தொரையோட இருந்துக்குங்க."

நான் ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன். நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை, நான் போவதற்கு முன்பே அவர் அங்கே நின்றார். தலை வாரி, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார். கையெழுத்துப் போட்டார். ஊர் சாகவில்லை. எங்கள் வரிசையில் விற்காமல் ஒரு வீடும் மிஞ்சவில்லை. லாரிக்காரர் பிற்பாடு எங்கள் பின் வரிசைக்கே வாடகைக்கு வந்தார். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை.

குடிபோன மறுநாள் என் வீட்டுக்காரரைக் காணோம். வெயிலில் வேர்த்துப்போய்த் திரும்பி வந்தார். வீடு விற்ற ஆபீசுக்குப் போனாராம். சுவரில் ஆணி அடிக்கலாமா என்று கேட்கப் போனாராம்.

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேல் இல்லை. நாற்காலியில் ஏறி முதல் ஆணியை நான் அடித்தேன். சுத்தியலை வாங்கி மீதியை அவர் அடித்தார். முருகனுக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று, பிறகு எதற்கென்றே தெரியாமல் அடித்தார். போதும் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தச் சுவரில் ஒன்றும் மாட்டாத ஆணிகள் இருக்கின்றன.