கூட்டத்துக்கு வந்த ஒரே தாய்

ஹாலிஎலவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு, பிள்ளைகளின் மனக்குறை கேட்கும் ஆலோசனை ஆசிரியையாகப் போன முதல் நாளே அதிபர் சொல்லிவிட்டார்: "டீச்சர், இங்க புள்ளைங்க பாஸாகுறதே பெரும்பாடு. மனசு, உணர்ச்சின்னு பாத்துக்கிட்டிருக்க நேரமில்லீங்க."

விளையாட்டுச் சாமான் அறையில் எனக்கொரு மேசை போட்டார்கள். யாரும் வரவில்லை. என் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாடகை அறைக்குத் திரும்பினால் மறுநாள் காலை வரை பேச்சுத் துணைக்கு ஆளில்லை.

எட்டாம் வகுப்பில் திலானி என்றொரு பிள்ளை. மழை வலுத்தால் எழுந்து வீட்டுக்கு ஓடிவிடுவாள். குழப்படி என்று முட்டுக்காலில் நிறுத்தினார்கள். "இன்னொரு தடவ ஓடினா பேர வெட்டிருவேன்" என்றார் அதிபர்.

வீட்டாரையும் கேட்போம் என்று அதிபரிடம் வாதாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் வைத்தேன். மண்டபம் நிறைய உட்காரக் கதிரை போட்டிருந்தோம். வந்தவர் ஒருவர்தான்: திலானியின் அம்மா யோகேஸ்வரி, கொழுந்து பறிப்பவர். ஆயத்தம் செய்த பேச்சை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மழை வந்தால் பிள்ளை ஏன் ஓடுறா எண்டு உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

"மண்ணு சரிஞ்சு நாங்க குடியிருக்கிற லயத்த மூடிருமோன்னு பயம் டீச்சர். என்னயப் பாக்கத்தான் ஓடியாறா. எனக்கும் அந்தப் பயந்தான். ஆனா 'ஒண்ணுமில்ல, போய்ப் படி'ன்னு அதட்டிருவேன்."

பிறகு கேட்டார்: "நீங்க இங்க தனியாவா இருக்கீங்க?"

"ஓம் அம்மா, தனியத்தான். பின்னேரமானா அழுகை வரும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதோம்.

வீட்டுக்குப் போய் மகளிடம் தன் பயத்தைச் சொல்லியிருக்கிறார். மலையில் கூட வேலை செய்யும் பெண்களிடமும் பேசியிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அவர்களும் வந்தார்கள். "எங்க புள்ளைங்கள பயத்த வாய்விட்டு சொல்ல விடுங்க சார்" என்று யோகேஸ்வரி எல்லார் முன்னும் கேட்டார். அதிபர் தலையைக் குனிந்துகொண்டார். "மழன்னா எனக்கும் பயந்தாம்மா" என்றார் மெதுவாக.

அடுத்த அடைமழையில் ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திப் பிள்ளைகளைப் பேச விட்டார்கள். திலானி நடுங்கினாள். அதிபரே தன் போனில் யோகேஸ்வரியை அழைத்து அவளிடம் கொடுத்தார். பேசிவிட்டு உட்கார்ந்தாள், ஓடவில்லை.

என் தனிமை அதோடு தீரவில்லை. இடமாற்றம் கிடைக்கும்வரை பின்னேரங்கள் அப்படியேதான் போயின. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகளை மனம் திறக்கச் சொல்லுமுன், பெரியவர்களான நாம் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லப் பழக வேண்டும். பாடசாலையில் மனம் திறப்பது அப்படித்தான் தொடங்குகிறது.