உள்ளே எடுக்கக் கூடாத மரம்

மரியதாஸ் அண்ணை இறந்துவிட்டார். ரொறன்ரோவுக்குப் பக்கத்து யூனியன்வில்லில், தன் வீட்டில், நித்திரையில் இதயம் நின்றுவிட்டது. சுகமான சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மறுநாள் பின்னேரம்வரை ஒருவருக்கும் தெரியாமல் கிடந்த சாவு அது. கல்கரியில் இருக்கும் மகள் ஷாலினி, "அப்பா ஃபோன் எடுக்கிறார் இல்லை, அங்கிள்" என்று எனக்கு அழைத்தாள். அவர் வீட்டுத் திறப்பு ஒன்று என்னிடம் இருந்தது. போய்ப் பார்த்தவனும் நான்தான், அவளுக்குச் சொன்னவனும் நான்தான்.

அவரைத் தெரிந்த கடைக்காரர்களுக்கு எங்கள் போட்டியும் தெரியும். இருவரும் கருவாடு இறக்கினோம், ஒரே கடைகளுக்குக் கொடுத்தோம். காலையில் நான் ஒரு விலை சொன்னால் மத்தியானம் அவர் அதற்குக் கீழே சொல்லுவார். சந்தோசமாக இருந்தது அந்தக் கடைக்காரர்கள்தான். நாங்கள் நண்பர்களானது இருவரும் வியாபாரத்தைப் பிள்ளைகளிடமும் பிறரிடமும் விட்ட பிறகு. உண்மையைச் சொன்னால், இருவருக்கும் மனைவிமார் போன பிறகு.

முதல்முறை அவருடைய வீட்டுக்குப் பின்னால் போனபோது மேசையில் ஒரு தட்டுச் சட்டிக்குள் போன்சாயாக வளர்த்த யப்பானிய மேப்பிள் ஒன்று நின்றது. ஒரு முழ உயரம். பெரிய மரத்தின் வளைவும் கிளையும் எல்லாம் அதற்கு இருந்தன. இலை சிவந்திருந்த காலம்.

"உது காய்க்குமோ, அண்ணை?"

"காய்க்காது."

"அப்ப என்ன விலை போகும்?"

"குணம், நீ செத்தாலும் உன்ரை பெட்டிக்கு விலை கேப்பாய்."

அதன்பிறகு ஞாயிறுதோறும், அவர் மாதா கோயில் பூசை முடிந்து வரும் நேரம் பார்த்துப் போவேன். போனதும் மரத்துக்கு ஒரு விலை சொல்லுவேன். அவர் தலையாட்டி மறுத்துவிட்டுத் தேத்தண்ணி போடுவார். ஒருநாள் கோப்பையை நீட்டியபடி சொன்னார்: "விலை கேக்கிறவன் எல்லாம் வாங்க வாறவன் இல்லை. வீட்டில கதைக்க ஆள் இல்லாமலும் வருவான்." நான் கோப்பையை வாங்கிக் குடித்தேன். தேத்தண்ணி நல்லாயிருந்தது.

ஆள் கையைக் கட்டிக்கொண்டு மரம் வளர்ப்பவர். காலை வெயிலில் வைப்பார், பின்னேர வெயிலுக்குள் விடமாட்டார். காற்றுக்கு இலை நுனி கருகும் என்று வேலிப் பக்கம் ஒதுக்குவார். ஆழமில்லாத சட்டி என்பதால் யூலையில் காலையும் மாலையும் தண்ணீர். மற்றப்படி பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. "பாதிப் பராமரிப்பு, தொடாமல் இருக்கிறதுதான்" என்பார். இலை கொட்டி, நிலம் உறையத் தொடங்கியதும் ஹீற்றர் இல்லாத கராஜுக்குள் கொண்டுபோவார். வெளியே கொட்டிய பனியில் ஒரு கை அள்ளி வேருக்கு மேல் வைப்பார். அது மெல்ல உருகி மண் நனையும். வீட்டுக்குள் மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்காது. செப்ரெம்பர் பிறந்தால் கறிவேப்பிலை மரத்தை உள்ளே தூக்கிவிடுவோம். பிள்ளைக்குக் கிடைக்காத யன்னல் அதற்குக் கிடைக்கும். செத்தவீட்டுக்கு மார்க்கம் நகரிலிருந்து வந்து நின்ற அவருடைய தங்கை பிலோ அன்ரியும் அதைத்தான் செய்தார். அடக்கம் முடிந்து நான் அவர் வீட்டுக்கு வந்தபோது, கராஜில் நின்ற மேப்பிள் குசினியில், சூடு வரும் துவாரத்துக்குப் பக்கத்தில், கறிவேப்பிலையோடு சோடியாக நின்றது.

"அன்ரி, ஆர் உதை உள்ளுக்கு எடுத்தது?"

"நான்தான் தம்பி. ஒரு இலை இல்லாமல் விறைச்சுப்போய் நிண்டுது. இந்த வீட்டில ஒரு உயிரெண்டாலும் மிஞ்சட்டுமே."

"சூட்டில வச்சா மிஞ்சாது, அன்ரி. கோடை வந்திட்டுது எண்டு நினைச்சுத் துளிர்க்கும். பிறகு செத்துப்போகும்."

"குளிருக்குள்ள தள்ளி ஒண்டைப் பிழைக்க வைக்கிறதெண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்" என்றார் அன்ரி. ஆனால் கதவைத் திறந்து பிடித்தார்.

மரத்தோடு கராஜுக்குள் போன என் பின்னால் ஷாலினி வந்தாள். வீட்டை விற்பதென்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

"அங்கிள், இந்த மரத்தை ஆருக்காவது குடுங்கோ. இல்லாட்டி எறியுங்கோ. ஒவ்வொரு கோடையும் கல்கரிக்கு வரச்சொல்லிக் கேட்டனான். 'மரத்துக்கு ஆர் தண்ணி விடுறது' எண்டுவார். ஒரு மரத்தில எனக்குப் பொறாமை, யூ நோ?"

செத்தவரின் கதையை வெளியே விடுவது முறையோ என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு சொன்னேன்.

"தண்ணி நான் விடுறன் எண்டு எத்தினைதரம் சொன்னனான், பிள்ளை. மரம் வெறும் சாட்டு."

"அப்ப என்ன?"

"'அங்க போனால் பேரன் கழுத்தில தொங்குவான். அது சரி. திரும்பி வந்து இந்தக் கதவைத் தனியத் திறக்க எனக்குத் துணிவில்லை, குணம்' எண்டவர்."

அவள் பெட்டியொன்றின்மேல் இருந்துவிட்டாள். அழுதாள். கதவடியில் குளிர் நுழைந்துகொண்டிருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது உயிரோடதானே இருக்கு?" என்று கேட்டாள். ஒரு சின்னக் கொப்பை நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினேன். பட்டைக்குக் கீழே பச்சை.

"நீங்களே வச்சிருங்கோ, அங்கிள்."

"சும்மா வந்த சாமானுக்கு மரியாதை இல்லை, பிள்ளை. விலை சொல்லு."

"எனக்குக் காசு வேண்டாம்."

"காசு ஆர் கேட்டது?"

இந்த வீடு போனால் ரொறன்ரோவில் அவளுக்கு வந்திறங்க ஒரு வாசலும் இல்லை. என் வீட்டிலோ மேல்மாடி முழுக்க வெறுமையாகக் கிடக்கிறது. வருசத்தில் இரண்டு கிழமை என் வீட்டில் வந்து நிற்கக் கேட்டேன். அவள் லீவு கிடைக்காது என்றாள். பேரம் நீண்டது. அந்த மனிதரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த மரமும் இந்தப் பேச்சும்தான், ஆகவே நாங்கள் ஒத்துக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன்: மரம் என் பொறுப்பு, குளிர்காலம் முழுக்க ஹீற்றர் இல்லாத கராஜில், யார் பாவம் பார்த்தாலும் உள்ளே வராது. அதற்கு விலை, ஒவ்வொரு மே மாதமும் இலை விரியும்போது அவளும் மகனும் என் வீட்டில் ஒரு கிழமை. விமான நிலையத்தில் ஏற்றுவதும் இறக்குவதும் நான்.