பிரேக் அக்காவின் வலது கால்

கோடை விடுமுறையில் எங்கள் நூலகத்தில் ‘வாசிப்புத் துணை’ நடத்தினோம் என்று சொன்னதும் எல்லோரும் பாராட்டுகிறார்கள். பாராட்டுகிறவர்கள் ஒரு நாள் வந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். வாசிக்கத் திணறும் பிள்ளைகள் எட்டுப் பேர். ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர், தினமும் முக்கால் மணி நேரம். பிள்ளை வாசிக்க வேண்டும், பெரியவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை. தன்னார்வலர்களாகப் பதினைந்து பேர் பெயர் கொடுத்தார்கள், வந்தது ஒன்பது பேர். ஒருவர் பிள்ளையோடு படம் எடுத்துக்கொண்டு போனவர்தான், இன்று வரை ஆளைக் காணோம். இன்னொருவர் பிள்ளையை மறந்துவிட்டுத் தானே கதையில் மூழ்கிப்போனார். இரண்டு வாரத்தில் நான்கு பேர் மிஞ்சினார்கள். மிச்சப் பிள்ளைகள் நூலக உதவியாளரான என் தலையில்தான் விழுந்தார்கள்.

ஒரு நாள்கூடத் தவறாமல், ஒரு நிமிஷம்கூடப் பிந்தாமல் வந்தவர் ஒருவர்தான். இந்த மனுஷி ஒரு நாளாவது வராமல் இருக்க மாட்டாரா என்று நான் ஏங்கியதும் அவரைப் பார்த்துத்தான்.

அவர் பக்கத்துத் தெருவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வயது நாற்பத்தாறு. ஒரே ஒரு அறை, ஒரே ஒரு வெள்ளைக் கார், இரண்டும் அவருடையவை. அந்தக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் இருக்கும் அவர் காலடியில் இன்னொரு பிரேக். நாம் ஓட்டிக்கொண்டிருப்போம். தூரத்தில் ஒரு நாய் தெரிந்தால் போதும், கார் நின்றுவிடும். நாம் நிறுத்தியிருக்க மாட்டோம், அவர் நிறுத்தியிருப்பார். அதனால்தான் அவரிடம் கற்றவர்கள் எல்லோருக்கும் அவர் பிரேக் அக்கா. நானும் அவரிடம் கற்றவள்தான். உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டு நிற்கிறேன். தேர்வன்று முன்னிருக்கையில் அதிகாரி உட்காருவார், அக்கா பின்னிருக்கைக்குப் போய்விடுவார். கார் தானாக நிற்கும் என்று பழகிப்போன நான் என்ன செய்வேன்? இரண்டு முறையும் நடைபாதையில் ஏற்றினேன்.

இப்படிப்பட்டவருக்கு நான் கொடுத்த பிள்ளை ஒன்பது வயதுப் பெண். வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள், ஒரு வயது இளைய தங்கை சின்னவள். பெரியவள் மூன்றாம் வகுப்பை முடித்திருந்தாள். ஆனால் ஒரு வரியைச் சேர்ந்தாற்போல் வாசிக்க வராது. பள்ளி திறக்கும் நாளில் தலைமையாசிரியை முன்னால் ஒரு பக்கம் வாசித்துக் காட்டினால் நான்காம் வகுப்பு, இல்லாவிட்டால் மறுபடி மூன்றாம் வகுப்பு. சின்னவளும் அதே மூன்றாம் வகுப்புக்குத்தான் வருகிறாள். அவர்களுடைய அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்:

“தங்கச்சி கூட ஒரே பெஞ்சுல உட்கார வச்சா ஸ்கூலுக்கே போக மாட்டேங்கறா மேடம். சொன்னா செய்வா. நீங்கதான் எப்படியாவது பார்த்துக்கணும்.”

நான் பார்த்துக்கொண்ட அழகைச் சொல்கிறேன். பெரியவள் புத்தகத்தைத் திறந்து “ஆடு... மெ...” என்பாள்.

“மெதுவாக!” என்பார் அக்கா.

“ஆடு மெதுவாக... பா...”

“பாலத்தை! அடுத்தது.”

பாலத்தை ஆடு கடந்ததோ இல்லையோ, அக்கா கடந்து அடுத்த பக்கத்துக்கே போய்விட்டிருப்பார். தன்னார்வலர்களுக்கு நான் கொடுத்திருந்த தாளில் முதல் விதியே, பிள்ளை திணறினால் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது. அதை அவர் முன்னால் தட்டிக் காட்டினேன். மறுநாள் அக்கா எண்ணினார். மனதுக்குள் இல்லை, வாய்விட்டு, அதுவும் பிள்ளையின் மூக்குக்கு நேராக விரல் நீட்டி. “ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு” என்று ஒரே மூச்சில் ஓடி, ஆறாவதில் “பாலத்தை!” என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் பெரியவள் புத்தகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு அக்காவின் வாயைப் பார்ப்பாள். சொல் அங்கிருந்து வரும், அதைத் திருப்பிச் சொல்வாள். அக்காவுக்கோ வாயெல்லாம் பல். “இன்னிக்கு நாலு பக்கம் முடிச்சுட்டோம் லைப்ரரிம்மா!” என்று என்னிடம் வந்து சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளி திறக்கப் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

“முடிச்சது நீங்கக்கா. அவ ஒரு வரிகூட முடிக்கல.”

“பிள்ளை திணறுது. பார்த்துட்டு சும்மா இருக்கச் சொல்றியா?”

“ஆமா, சும்மாதான் இருக்கச் சொல்றேன்! உங்ககிட்ட கத்துக்கிட்ட நான் ரெண்டு தடவை ஃபெயில். நான் பஸ்ல போய்க்குவேன், ஒண்ணும் குடி முழுகிப் போகாது. ஆனா அவ ஃபெயிலானா தங்கச்சி பெஞ்சுல போய் உட்காரணும்க்கா.”

கூடமே திரும்பிப் பார்த்தது. பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போன அக்கா திரும்பி வந்து, என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“தொழிலுக்கு வந்த மொத வருஷம். ஒரு பையன் நல்லா ஓட்டினான். நம்பி, கால எடுத்துட்டு தண்ணி குடிச்சேன். சைக்கிள்ல வந்த ஒருத்தருக்கு கை ஒடிஞ்சுபோச்சு. இருபத்திரண்டு வருஷமாச்சு, அதுக்கப்புறம் நான் கால எடுத்ததே இல்ல.”

“இங்க யாருக்கும் கை ஒடியாதுக்கா. ஒரு சொல்லு தப்பாகும், அவ்வளவுதான்” என்றேன். திட்டியதற்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுநாளே பழையபடி ஆரம்பித்திருப்பார்.

மறுநாள் வந்தவர் நாற்காலியைத் தூக்கிப் பெரியவளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

“இது பின்சீட்டு. இங்க எனக்கு பிரேக் இல்ல. நீ முன்னாடி பார்த்து ஓட்டு.”

பெரியவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “முன்னாடி பாரு” என்பதைத் தவிர அக்காவின் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வாய் ஓய்ந்ததும் கால் ஆரம்பித்தது. பிள்ளை ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் போதும், வலது கால் செருப்போடு தரையில் ‘டொக்’ என்று ஒரு மிதி மிதிக்கும். அது அவருக்கே தெரியாது. பெரியவள் கெட்டிக்காரி, இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு சொல்லை உத்தேசமாகச் சொல்வாள், ‘டொக்’ கேட்டால் மாற்றிச் சொல்வாள், கேட்காவிட்டால் மேலே போவாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

“அக்கா, தயவு செஞ்சு அந்தக் கால ஏதாவது பண்ணுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

செருப்பைக் கழற்றிப் பார்த்தார், அப்போதும் மிதித்தது. கடைசியில் நாற்காலியின் மேலேயே சம்மணம் போட்டு, வலது காலை இடது தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் கூடத்தில் அந்த மூலை முதல் முறையாக அமைதியானது. அன்று பெரியவள் முக்கால் மணி நேரத்தில் மூன்றே வரி வாசித்தாள். தப்பாகச் சொன்ன ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விட்டு, பொருள் சரியாக வரவில்லை என்று தானே திரும்பி வந்து மாற்றினாள். அக்கா பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினாறு நாள் இப்படியே போனது. மூன்று வரி ஐந்தானது, ஐந்து அரைப் பக்கமானது. முழுப் பக்கம் ஒரு நாளும் ஆகவில்லை.

பள்ளி திறந்த அன்று அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நானும் அக்காவும்தான் கூட்டிக்கொண்டு போனோம். தலைமையாசிரியையின் அறையில் பெரியவளை முன்னால் உட்கார வைத்தார்கள். அக்கா யாரையும் கேட்காமல் நாற்காலியை அவள் பின்னால் இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிச் சம்மணம் போட்டார். தலைமையாசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கால அட்டவணையைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

பக்கம், யானை பார்க்கப் போன ஒரு குடும்பத்தைப் பற்றியது. பெரியவள் முதல் நான்கு வரியைச் சிந்தாமல் சிதறாமல் வாசித்தாள். ஐந்தாவது வரியில் நின்றாள்.

“ஆ... ஆச்...”

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் எண்ண ஆரம்பித்து ஏழுக்கு வந்திருந்தேன். தலைமையாசிரியைக்குப் பொறுக்கவில்லை. சொல்லை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார்.

பெரியவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினாள். “கொஞ்சம் இருங்க டீச்சர். நானே பார்த்துக்கறேன்.”

தலைமையாசிரியை வாயை மூடிக்கொண்டார். அவரிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். “ஆச்சரியத்துடன்” என்று பெரியவள் சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆனது, முழுப் பக்கத்துக்கும் பதினொரு நிமிஷம். இரண்டு சொல் தப்பு. தலைமையாசிரியை தாளை எடுத்து நான்காம் வகுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெரியவள் எழுந்து பின்னால் திரும்பினாள். அக்கா அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவும் இல்லை.

“அக்கா, முடிஞ்சிருச்சு. எழுந்திரிங்க.”

“எப்படிடி எழுந்திரிக்கறது? வலது கால் மரத்துப்போச்சு.”

காலை மெல்ல இறக்கித் தரையில் ஊன்றப் பார்த்தார். அது மடங்கியது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். நான் பதறிப்போய் அவர் தோளைத் தாங்க ஓடினேன். பெரியவள் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கொஞ்சம் இருங்க மேடம். அவங்களே எழுந்திருப்பாங்க.”

தலைமையாசிரியையும் சேர்த்து மூன்று பேரும் காத்திருந்தோம்.