அக்காவின் புலியும் காக்கையும்

எங்கள் அக்கா போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். இப்படிப்பட்ட மலரில் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் முறை. எங்கள் பெரியப்பாவும் அதைத்தான் சொன்னார். "அக்காவுக்குப் படம் வரையறது ஒரு பொழுதுபோக்குன்னு ஒரு வரி போட்டுக்க கண்ணு, அது போதும்" என்றார். அந்த வரியை நான் எழுதப்போவதில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அக்கா பிறந்தது சென்னிமலைக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில். திருமணமானதும் மச்சானுக்குக் கொரியாவில் மில் இயந்திரக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அக்காவும் உடன் போனார். மொழி தெரியாது, குளிர் தாங்காது, பேச ஆளில்லை. அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அந்த ஊர் நாட்டுப்புற ஓவியம் சொல்லிக்கொடுத்தார்கள். சும்மா எட்டிப்பார்க்கப் போனவர் அதிலேயே ஊறிப்போனார்.

அது அரண்மனைக்காரர்களின் ஓவியம் அல்ல. சாதாரண ஜனங்கள் தங்கள் கதவிலும் சுவரிலும் ஒட்டிவைத்தது. அடியில் ஒரு மாதிரிப் படத்தை வைத்து, மேலே மல்பெரிப் பட்டையில் செய்த காகிதத்தை விரித்துக் கோடு எடுப்பார்கள். அதில் பேர்போனது ஒரு புலிப் படம். புலி மாறுகண்ணோடு அசடாக உட்கார்ந்திருக்கும். மரக்கிளையில் ஒரு பறவை இருந்துகொண்டு அதற்குப் புத்தி சொல்லும். புலி அதிகாரம் உள்ளவர், பறவை ஏழை ஜனம் என்று அங்கே சொல்வார்களாம். கெட்டது அண்டக்கூடாது என்று புதுவருடத்தில் அதை வாசலில் ஒட்டுவார்களாம்.

மச்சான் தவறியபின் அக்கா மகளோடு கோவைக்கு வந்து ஆர்.எஸ்.புரத்தில் குடியேறினார். மாடியில் ஓவிய வகுப்பு எடுத்துத்தான் மகளைப் படிக்கவைத்தார். நம்மில் ஒருவரிடமும் போய்க் கைகட்டி நிற்கவில்லை. கற்றதை அப்படியே வரைந்துகொண்டு இருக்கவும் இல்லை. அவர்கள் புத்தக அலமாரி வரைந்தால் இவர் அந்த அடுக்குகளில் சந்தகை பிழியும் அச்சும் குக்கரும் ஹெல்மெட்டும் வைத்தார். கிளையில் அந்த ஊர்ப் பறவைக்குப் பதில் நம் காக்கையை உட்காரவைத்தார். புலியைக் கல்யாண மண்டபத்தின் முன்வரிசையில், பிளாஸ்டிக் சேரில், தோளில் துண்டோடு உட்காரவைத்தார்.

"கீழ வெச்சு மேல வரையறதுதானுங்களே, இதுல என்ன இருக்குது?" என்று நம் ஆட்கள் கேட்டார்கள். அந்தத் துண்டுபோட்ட புலியைப் பார்த்ததும் முகம் சிறுத்துப்போனவர்களும் அவர்கள்தான்.

அக்கா புற்றுநோயில் படுத்தபோது அந்தப் புலியைக் கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னார். வலி கூடும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். சிலசமயம் சிரிப்பும் வரும். பார்க்க வந்த பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"சீக்காளி ஊட்ல புலியும் காக்காயும் ஆகாதுன்னு ஜோசியரு சொல்லிப்போட்டாரு அம்மணி."

"இந்தக் காயிதத்துல வண்ணம் பூசறதுக்கு முன்னாடி பசையோட படிகாரம் கலந்து பூசோணுமுங்க பெரீப்பா" என்றார் அக்கா. "திருஷ்டிக்குன்னு உங்க வாசல்ல தொங்கறதும் அதே படிகாரந்தானுங்க. ஒண்ணும் ஆகாது, உட்டுருங்க."

பெரியப்பா விடவில்லை. மகள் அக்காவை ஸ்கேன் எடுக்க அழைத்துப்போன நேரத்தில் வந்து படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மகள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, புலியக் காணோமுங்க. அம்மா ஆணியவே பாத்துட்டுப் படுத்திருக்கறாங்க."

பெரியப்பா அன்று பேசியது நினைவுக்கு வர, அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். படத்துக்குச் சட்டம் மாற்றக் கொடுத்திருப்பதாக முதலில் சொன்னார். விடாமல் கேட்டதும் உண்மை வந்தது. "குப்பைல போட மனசு வருமா கண்ணு? அம்மன் வாகனமாச்சே. நொய்யல் கரைல, அரசமரத்தடில, பொட்டு வெச்சுக் கும்புட்டுட்டுத்தான் வெச்சுட்டு வந்தேன்."

உடைந்த சாமி படங்களைக் கொண்டுபோய் விடுகிற இடம் அது. நான் போய்ச் சேருவதற்குள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கண்ணாடி விரிசல்விட்டு, காகிதம் ஊறி, துண்டு எது புலி எது என்று தெரியாமல் வண்ணம் கரைந்து கிடந்தது. காகிதத்துப் புலியின் மனம் நோகக்கூடாது என்று பொட்டு வைத்திருக்கிறார். படுத்துக்கிடந்தவரின் மனம் நோகுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாகக் கிடக்கிறவர் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்ததைத் திருடுவதற்கு எந்த ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்தார் என்று தெரியவில்லை.

அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். திட்டவில்லை. காகிதம் கேட்டார். மகள் பலகையைப் பிடித்துக்கொள்ள, முடிந்தபோதெல்லாம் வரைந்தார். ஒரு கிளை. அதில் வாயைத் திறந்து கீழே பார்க்கும் காக்கை. கீழே ஒன்றுமே வரையவில்லை.

"புலி வரையலீங்களாக்கா?"

"அந்த எடத்துல உக்கார நம்ம ஊட்ல ஆளா இல்ல தம்பி?"

அதுதான் அவர் கடைசியாக வரைந்தது. அட்டையில் நீங்கள் பார்ப்பது அந்தப் படம். ரோஜாப்பூ போடச் சொன்னவர்கள் என்னை மன்னிக்க வேண்டியதில்லை.

கடைசி நாட்களில் வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், முகம் சுளிக்காமல் வந்துபோன நர்ஸ் அம்மாவுக்கும், ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் பதமாக ஓட்டிக்கொண்டு போன போத்தனூர் ஆட்டோக்காரருக்கும், வகுப்பை இன்றும் நடத்திவரும் மாணவிகளுக்கும், தாயைக் குழந்தைபோல் தூக்கிப் பார்த்த அக்கா மகளுக்கும் நன்றி. பெரியப்பா வயதில் மூத்தவர். காலில் விழச் சொன்னால் விழுகிறேன். அவருக்கு நன்றி சொல்ல மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

இன்று மொட்டைமாடியில் படையல் வைத்துக் காக்கையைக் கூப்பிடுவோம். பெரியவர் என்ற முறையில் பெரியப்பாதான் முதலில் கூப்பிடுவார். அது வந்து உட்கார்ந்ததும், அக்காவே வந்துவிட்டார் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுவீர்கள். கும்பிட்ட கையோடு பந்திக்கு ஓடாதீர்கள். அது வாயைத் திறந்தால் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.