தண்ணீர் படாத போன்

போன் செத்ததைவிட, அது ஏன் செத்தது என்பதுதான் எனக்குக் குடைச்சலாக இருந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. குருநகரில் எங்களுக்கு அடுத்த வீடு. அந்தப் போனை அவருக்கு வாங்கிக் கொடுத்தது அவருடைய புருஷன், எனக்கு அண்ணை முறை. வாங்கிக் கொடுத்து இரண்டு மாதத்தில், மீன்பிடிக்கப் போன படகிலேயே நெஞ்சு வலித்து விழுந்து அண்ணை போய்விட்டார். அவருடைய போன் கடலுக்குள் விழுந்துவிட்டது. கடலிலிருந்து அவர் அனுப்பிய குரல் செய்திகள் மச்சாளின் போனில் மட்டுந்தான் இருந்தன. ஒருநாள் காலை அதுவும் கண் திறக்கமாட்டேன் என்று கிடந்தது.

"எனக்குப் போன் வேண்டாம் பிள்ளை, அவரின்ரை குரல் வேணும்," என்று மச்சாள் அழுதார்.

ஒரு வருட உத்தரவாத அட்டை கையில் இருந்தது. விடுவேனா? யாழ்ப்பாணம் ரவுணில் வாங்கிய கடையிலேயே கொடுத்தோம். கொழும்பிலுள்ள கம்பனிக்குப் போய் மூன்று கிழமை கழித்து அப்படியே திரும்பி வந்தது. 'உள்ளே நீர் பட்டுள்ளது. உத்தரவாதம் செல்லாது' என்று ஒரு துண்டு.

"எங்கை, காட்டுங்கோ பாப்பம்," என்றேன்.

கடையில் போன் திருத்துகிறவர் பொறுமையான மனிதர். சிம் போடும் துவாரத்துக்குள் வெளிச்சம் அடித்துக் காட்டினார். அரிசிமணி அளவில் ஒரு ஸ்டிக்கர்.

"இது வெள்ளையா இருக்கவேணும் அக்கா. தண்ணி பட்டாச் சிவக்கும்."

வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்திருந்தது. சண்டை பிடிக்கப் போனவள் சண்டையை மறந்து குனிந்து பார்த்தேன். என்ன விண்ணாணம் பாருங்கள், வாங்குகிறவனைக் காட்டிக் கொடுக்க உள்ளுக்குள் ஒரு உளவாளி!

"குருநகர்க் காத்தே ஈரந்தானே. அதுக்குச் சிவக்காதோ?"

"காத்துக்கெல்லாம் சிவக்காது. சொட்டுப் படவேணும்."

மச்சாள் சந்தையில் மீன் விற்கிறவர். ஆனால் போனைப் பிளாஸ்டிக் சொப்பிங் பைக்குள் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கை துடைக்காமல் தொடவே மாட்டார். "ஒரு சொட்டுத் தண்ணியும் படேல்லை, அந்தோனியாராணை," என்று சத்தியம் பண்ணினார். அவர் பொய் சொல்லமாட்டார். அப்படியென்றால் கொழும்பில்தான் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது. அரச அலுவலகமான கச்சேரியில் பாவனையாளர் முறைப்பாடு கொடுப்பதற்கு, 'நீர் படவேயில்லை' என்று கொட்டை எழுத்தில் கடிதம் எழுதினேன். மச்சாள் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அதோடு நான் நின்றிருக்கலாம். என் மூளை நிற்காது. தண்ணீர் படாமல் எப்படிச் சிவந்தது?

"மச்சாள், வீட்டிலை போனை எங்கை வைக்கிறனியள்?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அண்ணையின் படம். படத்துக்கு முன்னால் போன் வைக்கும் இடம். அருகில் ஒரு சின்னப் போத்தல்.

"இதென்ன?"

"கோயில் தீர்த்தம். விடிய எழும்பினா அவருக்குத் தெளிப்பன். படத்திலை முகம்தானே இருக்கு, குரல் போனுக்கைதானே. அதுதான் அதிலையும் தெளிக்கிறனான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். ஞாயிறெண்டாக் கொஞ்சம் கூட."

"ஐயோ மச்சாள்! தண்ணி படேல்லையெண்டு சத்தியமெல்லே பண்ணினனியள்!"

"அதைப் போய்த் தண்ணியெண்டு சொல்லுறியே?" மச்சாளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

நான் வட்டுக்கோட்டைப் பக்கத்துப் புரட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் தீர்த்தப் போத்தல் இருந்ததில்லை. இவ்வளவு காலம் அடுத்த வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. கடிதத்தைக் கிழித்தேன்.

இருவருமாகக் கடைக்குப் போய் உள்ளதைச் சொன்னோம். திருத்துகிறவர் சிரிக்கவில்லை.

"நல்லகாலம் அக்கா. உத்தரவாதத்திலை எடுத்திருந்தா உள் போர்டை மாத்திப் புதுசு போட்டுத் தந்திருப்பினம். உள்ளுக்கை இருந்த ஒண்டும் மிஞ்சியிராது."

நான் வெல்லப் பார்த்த சண்டை அதுதான்.

அவர் போனைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் தேய்த்து, சூடு காட்டி, திரும்பப் பூட்டினார். மச்சாள் செபமாலையைப் பிடித்தபடி கதிரை நுனியில் இருந்தார். மூன்றாந்தரம் அழுத்தியபோது வெளிச்சம் வந்தது.

"கனநேரம் நிக்குமோ தெரியாது. முதல்லை எல்லாத்தையும் வேறை இடத்திலை ஏத்துவம்," என்றவர், சரி பார்க்க ஒரு செய்தியைத் தட்டினார். இயந்திர இரைச்சலுக்கு மேலால் அண்ணையின் குரல் கத்தியது.

"எங்கையப்பா நிக்கிறாய்? எத்தினை தரம் கோல் எடுக்கிறது? கூடையளையும் எடுத்துக்கொண்டு கெதியாக் கரைக்கு வா!"

"இந்தா வாறன்," என்று மச்சாள் எழும்பி, கடை வாசல் வரைக்கும் போய்விட்டார்.